உண்மையைச் சொன்னால் வேலை இல்லையா?

சில வருடங்களுக்கு முன்னர் எனது ஹாட்வெயார் கடையில் நடந்த விடயம் இது. கூட்டம் நிறைந்த நேரம். வெளியே லொறி இரைந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை “நாற்பது மூடை சீமெந்து” என்று சத்தமிட்டார். ஏற்றிவிட நின்ற இளைஞரோ நான்கு மூடைகளை மாத்திரம் ஏற்றி அனுப்பிவிட்டார். அங்கே மேசன் பாஸ்மார் அரை நாள் சும்மா இருந்தார்கள். லொறி மீண்டும் ஓடிய செலவும் வாடிக்கையாளரின் ஏச்சும் என் தலையில் விழுந்தன.

அவரை அழைத்து விசாரித்தேன். தலையைக் குனிந்தபடி சொன்னார்:

“எனக்கு இடது காது கேக்காது ஹாஜியார்.”

“இத வேலைக்கு வந்த அன்டைக்கே ஏன் சொல்லல்ல மகன்?”

“மூணு கடையில சொன்னேன் ஹாஜியார். மூணு பேரும் பிறகு அறிவிக்கிறோம் எண்டாங்க. உங்கட கடையிலதான் சொல்லல்ல.”

ஏமாற்றிவிட்டார் என்று எழுந்த கோபம் அத்தோடு அடங்கிவிட்டது. அன்று சொல்லியிருந்தால் நான் வேலை கொடுத்திருப்பேனா? இல்லை. நானும் ‘பிறகு அறிவிக்கிறோம்’ என்றுதான் அனுப்பியிருப்பேன். உண்மை சொன்னவருக்குக் கதவை அடைத்துவிட்டு, ஊழியர்கள் மறைக்கிறார்கள் என்று குறைபடுவதில் என்ன நியாயம்?

மறுநாள் இரண்டு மாற்றங்கள் செய்தோம். அவருடைய வலது காது கணக்கப்பிள்ளையின் பக்கம் இருக்குமாறு இடத்தை மாற்றினோம். எந்த ஓடரும் துண்டில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும் என்றோம். செலவு ஒரு துண்டுப் புத்தகம் மட்டுமே. காது நன்றாகக் கேட்கும் மற்ற ஊழியர்களின் பிழைகளும் அதன் பின்னர் குறைந்தன.

இது நமது மார்க்கத்தில் புதிய விடயமல்ல. கண் பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவராக இருந்தார்கள். வைகறையைக் காண முடியாத அவர்களுக்கு, விடிந்துவிட்டது என்று பிறர் சொல்வார்கள். அதன் பின்னரே அதான் சொல்வார்கள். பொறுப்பு பறிக்கப்படவில்லை, அதற்கு வேண்டிய ஒத்தாசைதான் செய்யப்பட்டது.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆட்சேர்ப்பதில் அங்கவீனத்தைக் காரணமாகக் காட்டிப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் ஏதோவொரு இயலாமையுடன் வாழ்வது தெரியவந்தது. அவர்களில் நமது ஊரவரும் உறவினரும் இருக்கிறார்கள்.

வேலை தேடும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குறைபாடு அந்த வேலையைப் பாதிக்காது என்றால் விண்ணப்பத்தில் எழுதத்தான் வேண்டும் என்றில்லை. பாதிக்கும் என்றால் நேர்முகப் பரீட்சையில் சொல்லிவிடுங்கள். “எனக்கு இது முடியாது” என்று நிறுத்தாமல், “இந்த ஏற்பாடு இருந்தால் இந்த வேலையைச் செய்வேன்” என்று சொல்லுங்கள். ஏற்கெனவே செய்த வேலையையும் எடுத்துக் காட்டுங்கள்.

முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆள் எடுக்க முன்னர், அந்த வேலையில் உண்மையாகவே என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்டோரில் கணக்கு வைப்பவர் மூடை தூக்க வேண்டுமா? தையல் மெஷினில் இருப்பவருக்குக் காது கேட்டே ஆக வேண்டுமா? பிறகு, வருகின்ற ஒவ்வொருவரிடமும் “இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா?” என்று கேளுங்கள். எல்லோரிடமும் கேட்டால் எவருக்கும் அது அவமானமாகத் தோன்றாது.

அந்த இளைஞர் இன்று எனது ஸ்டோருக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவருடைய கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக ஜும்ஆவுக்குப் போகிறேன், அல்ஹம்துலில்லாஹ். அவரைத் திருப்பி அனுப்பிய அந்த மூன்று கடைக்காரர்களை நினைத்தால்தான் கவலை. அவர் உண்மை சொல்லியிருந்தால் நானும் நான்காவது ஆளாகியிருப்பேன்.