பரண் மேல் தூங்கும் தையல் எந்திரம்

சவூதி அரேபியாவில் 2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு விந்தை நடந்தது.

பழைய சிங்கர் தையல் எந்திரங்களைத் தேடி மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். எல்லாம் பாட்டி காலத்துக் கருப்பு எந்திரங்கள்தான். அதுவரை கேட்பாரற்றுக் கிடந்தவைதான். திடீரென்று அவற்றுக்கு ராஜ மரியாதை! ஓர் எந்திரத்துக்கு 2 லட்சம் ரியால் வரை விலை பேசினார்கள். அன்றைய மதிப்பில் அது 50 ஆயிரம் டாலருக்கும் மேல்.

காரணம் என்ன?

ஒரு வதந்தி!

பழைய தையல் எந்திரத்துக்குள் "சிவப்புப் பாதரசம்" என்ற பொருள் இருக்கிறது, அது கிடைத்தால் புதையலையே கண்டுபிடித்து விடலாம் என்று யாரோ கிளப்பி விட்டார்கள். அதைச் சோதிக்க ஒரு வழியும் சொன்னார்கள். கைப்பேசியை எந்திரத்தின் ஊசி அருகே கொண்டு போக வேண்டும். பேச்சு அறுந்து போனால் உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம்!

தையல் கடைகளில் திருட்டுக் கூட நடந்தது. போலீசார் விசாரணையில் இறங்கினார்கள்.

வதந்தியில் சொன்ன அந்தச் சிவப்புப் பாதரசம் உலகத்திலேயே கிடையாது. எந்திரத்துக்குள் இருந்தவை இரும்பு, எஃகு, கொஞ்சம் பழைய எண்ணெய், நிறையப் பஞ்சுத் தூசி. அவ்வளவுதான்.

அப்படியானால் பழைய தையல் எந்திரத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. 80 வயது, 100 வயது ஆனாலும் அது இன்னும் தைக்கும்! அதுதான் அதன் மதிப்பு. இதைத் தெரிந்து கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பழைய எந்திரங்களைத் தேடிப் பிடித்து, தூசு தட்டி, எண்ணெய் விட்டு, மறுபடியும் ஓட வைக்கிறார்கள்.

ஆலை போயிற்று, எந்திரம் இருக்கிறது

நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருக்கும் சிங்கர் எந்திரங்களில் பல, ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து கப்பலில் வந்தவை.

அங்கே கிளாஸ்கோ நகரத்துக்கு அருகில் கிளைடுபேங்க் என்று ஓர் ஊர். அந்த ஊரில் கில்போவி என்ற இடத்தில் சிங்கர் கம்பெனியின் மாபெரும் தொழிற்சாலை 1885-ம் ஆண்டு திறக்கப்பட்டது. 1913-ம் ஆண்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தையல் எந்திரங்கள் அங்கிருந்து வெளியே போயின. தொழிற்சாலைக்கு அருகே ஒரு ரெயில் நிலையம். அதன் பெயரும் "சிங்கர்"தான்.

1980-ம் ஆண்டு அந்த ஆலை மூடப்பட்டது. பிறகு கட்டிடங்களையும் இடித்து விட்டார்கள். ரெயில் நிலையம் மட்டும் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அங்கே செய்த எந்திரங்களோ, உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இன்னும் ஓடிக் கொண்டிருக்கின்றன.

உங்கள் வீட்டு எந்திரம் அங்கே பிறந்ததா என்று நீங்களே பார்க்கலாம். எந்திரத்தின் அடித்தட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து "ஜே", "எஃப்", "ஒய்" இவற்றில் ஒன்று இருந்தால், அது கிளைடுபேங்க் எந்திரம். 15-கே, 28-கே, 66-கே என்று வகைகளுக்குப் பெயர் உண்டு. அந்தக் "கே" என்ற எழுத்து கில்போவியைக் குறிக்கிறது.

எந்திரம் சேகரிப்பவர்கள் தங்களுக்குள் சங்கம் அமைத்திருக்கிறார்கள். எந்த எண் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பட்டியலும் வெளியிட்டிருக்கிறார்கள். பாட்டிக்கு எந்த வயதில் எந்திரம் வந்தது என்று வீட்டில் சண்டை நடந்தால், அந்த எண் தீர்ப்புச் சொல்லி விடும்!

காந்தியடிகள் சொன்ன கதை

1924-ம் ஆண்டு, டெல்லியில் ஓர் இளைஞர் காந்தியடிகளைச் சந்தித்தார். அவர் பெயர் ராமச்சந்திரன். "தாங்கள் எல்லா எந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா?" என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார்.

காந்தியடிகள் இல்லை என்றார். அதற்கு உதாரணமாக அவர் எடுத்துச் சொன்னது எதைத் தெரியுமா? சிங்கர் தையல் எந்திரத்தை! மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப் போவதைச் சிங்கர் பார்த்தார். அவள் மேல் கொண்ட அன்பினால் அந்த எந்திரத்தைச் செய்தார். இப்படிக் காந்தியடிகள் கூறினார்.

கேள்வி கேட்ட அந்த இளைஞர்தான், பின்னாளில் டாக்டர் ஜி.ராமச்சந்திரன். தம் மனைவி டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து, 1947-ம் ஆண்டு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

வரலாறு கொஞ்சம் வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒரு பட்டறை. 1850-ம் ஆண்டு ஐசக் சிங்கர் அங்கே இருந்தார். அடிக்கடி பழுதாகும் ஒரு தையல் எந்திரம் அந்தப் பட்டறைக்கு வந்தது. இதை விட நல்லதாகச் செய்யலாமே என்று சிங்கர் நினைத்தார். செய்தார். அடுத்த ஆண்டு, 1851-ல், அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஆக, உலகப் புகழ் பெற்ற அந்த எந்திரம், பழுது பார்க்கும் இடத்தில் பிறந்தது!

சிங்கருக்கு முன்பே தையல் எந்திரம் செய்தவர்கள் உண்டு. பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே 1830-ல் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரத்தில் 80 எந்திரங்களை வைத்து ராணுவ உடுப்புகளைத் தைத்தார். பிழைப்புப் போய் விடுமே என்று மற்றத் தையற்காரர்கள் பயந்தார்கள். பட்டறைக்குள் புகுந்து எந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். திமோனியே 1857-ல் வறுமையில் இறந்தார்.

அன்று தையற்காரர்கள் எந்திரத்தை நொறுக்கினார்கள். இன்று பழைய எந்திரத்துக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவர்களும் தையற்காரர்கள்தான்.

எண்ணெயும் பொறுமையும்

பல ஆண்டுகள் சும்மா கிடந்த எந்திரத்தின் சக்கரம் அசையாது. உடனே "கெட்டு விட்டது" என்று முடிவு கட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. உள்ளே விட்ட எண்ணெய் காய்ந்து பசை போல் ஒட்டிக் கொண்டிருக்கும். அதிலும், அவசரத்துக்குச் சமையல் எண்ணெய் விட்ட எந்திரம் என்றால் கேட்கவே வேண்டாம்!

இப்படிப்பட்ட எந்திரத்தின் சக்கரத்தை வலுவாகத் திருப்பக் கூடாது. எண்ணெய் விடும் துளைகள் அனைத்திலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட வேண்டும். ஒரு நாள் அப்படியே விட்டு விட வேண்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்கலாம். அசையாவிட்டால் மறுபடியும் சில சொட்டு, மறுபடியும் ஒரு நாள். இப்படி ஒரு வாரம் கூட ஆகலாம்.

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் கரைந்து வரும் அழுக்கைத் துணியால் துடைத்து விட வேண்டும். பிறகு தையல் எந்திரத்துக்கான எண்ணெயை விட வேண்டும். இதை மறக்கக் கூடாது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், தேய்மானத்தைத் தடுக்காது.

அடுத்து, ஊசியின் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். துணியைத் தள்ளும் பற்களுக்கு இடையே பஞ்சுத் தூசி மெத்தை போல் அடைந்து கிடக்கும். பாபின் இருக்கும் இடத்தில் அறுந்த நூல் சிக்கியிருக்கும். எந்திரம் நின்று போனதற்கு அந்த ஒரு முழ நூலே காரணமாக இருந்தாலும் இருக்கும்!

சில எந்திரங்களில் சக்கரம் நன்றாகச் சுற்றும். ஊசி மட்டும் அசையாது. பயப்பட வேண்டாம். சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு இருக்கிறது. பாபினில் நூல் சுற்றும்போது அதைத் தளர்த்துவார்கள். மறுபடியும் அதை முடுக்க மறந்திருப்பார்கள்!

ஊசிக்கும் கவலை இல்லை. 15, 28, 66 ஆகிய வகைச் சிங்கர் எந்திரங்களுக்கு, இன்று வீட்டு எந்திரங்களுக்கு விற்கிற சாதாரண ஊசியே பொருந்தும். 1930-களில் கல்கத்தாவில் பிறந்த நம் நாட்டு உஷா எந்திரமும் 15-ம் வகையின் அமைப்பில் வந்ததுதான். ஆகவே அந்த வகைக்கு உதிரிப் பாகம் கிடைப்பதும் கடினம் அல்ல.

28-ம் வகையில் பாபின் நீளமாக இருக்கும். அது துப்பாக்கிக் குண்டு போன்ற ஒரு ஷட்டிலுக்குள் போகும். பழைய எந்திரம் வாங்குகிறவர்கள் முதலில் தகட்டை நகர்த்தி, அந்த ஷட்டில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பொன் பூவை அழிக்காதீர்கள்

பழைய எந்திரத்தின் அழகே அதன் கருப்பு உடம்பில் உள்ள பொன் நிறப் பூ வேலைதான். சில எந்திரங்களில் எகிப்து நாட்டு ஸ்பிங்க்ஸ் உருவம் கூட இருக்கும்.

எந்திரத்தைப் பளபளப்பாக்க நினைத்து, ஸ்பிரிட் ஊற்றித் துடைக்கிறவர்கள் உண்டு. ஒரே நிமிடத்தில் பொன் பூ துணியோடு வந்து விடும்! நூறு ஆண்டு இருந்த அழகு அதோடு போயிற்று. தையல் எந்திர எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, அழுத்தாமல் துடைப்பதே சரியான முறை. புது வண்ணம் பூசுவதைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை. அம்மாவின் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கட்டும் என்கிறார்கள்.

எடைக்குப் போகும் சொத்து

இத்தனை எளிதாக உயிர் பெறும் எந்திரங்கள் ஏன் மறைகின்றன?

இரும்புக் காலுக்கு இப்போது கிராக்கி அதிகம். அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு அழகான மேஜையாக்கி விடுகிறார்கள். கால் வரவேற்பறைக்குப் போகிறது. தைக்கும் தலையோ பழைய இரும்புக் கடைக்குப் போகிறது! அங்கே எடை போட்டு, உடைத்து, உலையில் உருக்கி விடுகிறார்கள். ஒரு முறை உருகி விட்டால், எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டு வராது.

எத்தனையோ வீடுகளில், கணவனை இழந்த பெண்கள் இந்த எந்திரத்தை மிதித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு, ஊரே தூங்கிய பிறகும் அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக் கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளைகளே, இன்று அதை எடைக்குப் போடுகிறார்கள். கெட்ட எண்ணத்தினால் அல்ல. அது இனி ஓடாது என்ற நினைப்பினால்!

அந்த நினைப்பு தவறு. கிளைடுபேங்கைச் சேர்ந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பழைய தையல் எந்திரங்களையும், ஆலையின் பழைய பதிவேடுகளையும் பொதுச் சொத்தாகப் பாதுகாத்து வருகிறார்கள். நம் வீடுகளில் அவ்வளவு செய்ய வேண்டியது இல்லை. ஒரு மூலையில் கொஞ்சம் இடம், ஒரு குப்பி எண்ணெய், தெரு முனைத் தையற்காரரின் அரை மணி நேரம், இவை போதும். கிழிந்த தலையணை உறையையாவது அது தைத்துக் கொடுக்கும். வீட்டுப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ ஒரு தொழிலையும் கற்றுக் கொடுக்கும்.

உங்கள் வீட்டுப் பரண் மேலும் ஓர் எந்திரம் தூங்கிக் கொண்டிருக்கலாம். கீழே இறக்குங்கள். பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். எந்தத் துளையில் எண்ணெய் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் நினைவு இருக்கட்டும். சக்கரத்தில் கை வைக்கும் முன், எண்ணெய் விடுங்கள்.