2,000 புள்ளி ஆர்மிக்கு உங்க சம்பளத்துல எவ்வளவு?

முதல் சம்பளத்துல வார்ஹாமர் 40,000 ஆர்மி சேர்க்க ஆரம்பிச்சிட்டீங்களா? தப்பே இல்லை. ஆனா ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரெண்டு விலை இருக்கு: ஒண்ணு புள்ளி, இன்னொண்ணு பணம். ரெண்டும் ஒண்ணா ஏறி இறங்காது.

வழக்கமான பெரிய ஆட்டம் 2,000 புள்ளி. ஓர்க் வீரனுக்குப் புள்ளி கம்மி. அதனால கூட்டமா இறக்கணும்னா நூறு பொம்மை வரைக்கும் வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடிக்கணும். இம்பீரியல் நைட்ஸ்ல விரல்விட்டு எண்ணுற அளவு ராட்சத இயந்திரங்களே போதும். ஒரு பெட்டி விலையைப் பார்த்தா நைட்தான் பயமுறுத்தும். மொத்தக் கணக்கு போடுங்க, கதை மாறும்.

கேம்ஸ் ஒர்க்‌ஷாப் வருஷத்துக்குப் பல தடவை புள்ளிகளை மாத்துது. இந்த மாசம் 'செம பவர்'னு மூணு பெட்டி வாங்கின யூனிட், அடுத்த திருத்தத்துல புள்ளி ஏறி அலமாரிக்குப் போகலாம். கிரெடிட் கார்டு இஎம்ஐ மட்டும் அப்படியே நிக்கும்!

அதனால, இலக்கு இடங்களைப் பிடிச்சு நிக்கிற காலாட்படையை முதல்ல வாங்குங்க. பெரும்பாலான லிஸ்ட்ல அதுக்கு வேலை இருக்கும். காம்பாட் பேட்ரோல் பெட்டி பொதுவா மலிவுதான், உள்ளே இருக்கிறதுல பாதி உங்களுக்குத் தேவையில்லைன்னா அதுவும் வீண் செலவு.

ஒரு யூனிட் மேல சந்தேகமா? நண்பர்கிட்ட சொல்லிட்டு, வேற பொம்மையை அதுக்குப் பதிலா வெச்சு மூணு ஆட்டம் ஆடிப் பாருங்க. அப்புறமும் வேணும்னு தோணினா, அடுத்த சம்பளத்துல ஒரே ஒரு பெட்டி.