கைப்பிடிச்சுவரும் படப்பிடிப்புத் தளமும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரை நோக்கிச் செல்வோர் இருவகைத் தொழிற்கூடங்களைக் காண்பர். இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம், வல்லம் வரை மோட்டார் வாகனங்களையும் அவற்றின் உறுப்புகளையும் செய்யும் ஆலைகள் நிற்கின்றன. அவற்றை எட்டுமுன்னரே, நசரத்பேட்டையையும் செம்பரம்பாக்கத்தையும் அடுத்து, திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் வாடகைக்கு விடப்படும் ஈ.வி.பி. பிலிம் சிட்டி அமைந்துள்ளது. ஊரின் பெயரில் நாசரேத்தின் ஒலி கேட்பது தற்செயலே. ஆயினும் அங்கு நாள்தோறும் உழைப்போரில் தச்சர்களே மிகுதி என்பதை எண்ணாமலிருக்க முடிவதில்லை.

எங்கள் ஞாயிறு ஆராதனைக்கு வரும் இளைஞர் ஒருவர் ஒரகடத்தில் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர். விடுப்பு நாள்களில் ஒரு முகவர் வழியாக அரங்கம் அமைக்கும் கூலி வேலைக்கும் செல்வார். ஒருநாள் ஆராதனை முடிந்தபின் அவர் என்னிடம் கேட்டது இது: "ஐயா, கம்பெனியில தலைக்கவசம் இல்லாம உள்ள நடந்தாலே சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிடறார். ஷூட்டிங்ல இருபது அடி சாரத்துல இடுப்புக் கயிறுகூட இல்லாம ஏறச் சொல்றாங்க. ரெண்டு இடத்துலயும் நான் ஒரே ஆள்தானே?" உடனே சொல்ல என்னிடம் விடை இல்லை. ஜெபித்து அனுப்பிவைத்தேன். அக்கேள்விக்குக் காலந்தாழ்ந்து எழுதும் விடையே இக்கட்டுரை.

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் இரவு, மேற்சொன்ன பிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' திரைப்படத்திற்கான ஆயத்த வேலைகள் நடந்துகொண்டிருந்தன. உயரத்தில் விளக்குகளைத் தாங்கி நின்ற பளுதூக்கி, நாம் வழக்கமாகக் கிரேன் என்பது, சரிந்து விழுந்தது. உதவி இயக்குநர் ஒருவர் உட்பட மூவர் மாண்டனர். வேறு பலர் காயமுற்றனர். நசரத்பேட்டைக் காவல் நிலையத்தில் பதிவான வழக்கு பின்னர் சென்னைக் காவல்துறையின் மத்தியக் குற்றப்பிரிவுக்கு மாற்றப்பட்டது. கிரேனை இயக்கியவர் கைதானார். இயக்குநர் ஷங்கரும் நடிகர் கமல்ஹாசனும் விசாரிக்கப்பட்டனர்.

அந்த வளாகத்தில் அது முதல் மரணம் அன்று. 'காலா' படப்பிடிப்பின்போது ஒரு தொழிலாளி மின்சாரம் தாக்கி இறந்திருந்தார். 2019இல் 'பிகில்' படத் தளத்தில் உயரத்திலிருந்த விளக்கு விழுந்து ஒரு மின்பணியாளர் இறந்தார். மூன்றாவதாக வந்ததே 2020ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. இந்த 'மூன்று' என்னும் எண்ணுக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

விபத்திற்குப்பின் நடந்த கடிதப் போக்குவரத்து இறையியல் மாணவர் கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. தொழிலாளரின் பாதுகாப்புக்கும் காப்பீட்டுக்கும் உரிய ஏற்பாடுகள் வேண்டும் என்று கமல்ஹாசன் தயாரிப்பு நிறுவனமாகிய லைக்காவுக்கு எழுதினார். பொறுப்பு தங்களுடையது மட்டுமன்று, இயக்குநரும் நடிகரும் உட்பட அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டியது என்ற பொருள்பட நிறுவனம் மறுமொழி எழுதியது. இருசாராரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏதேனில் கேட்கப்பட்ட கேள்விக்கு முதல் மனிதர் சொன்ன விடைகளின் சாயலும் இருக்கிறது. திரைத்தொழிலின் அமைப்பே இதற்கு இடந்தருகிறது. தயாரிப்பாளர் பணம் தருகிறார். இயக்குநர் காட்சியைக் கேட்கிறார். ஒளிப்பதிவாளர் விளக்கின் உயரத்தைச் சொல்கிறார். கிரேன் வேறொருவரிடமிருந்து வாடகைக்கு வருகிறது. தளம் மற்றொருவருக்குச் சொந்தம். கூலியாட்கள் முகவர் வழியே வருகின்றனர். எல்லார் கையும் பட்ட வேலையில் எவர் கையும் குற்றமுள்ளதாகத் தெரிவதில்லை. எஞ்சுவது நெம்புகோலைப் பிடித்திருந்த ஒருவரின் கை மட்டுமே. அவர்தான் கைதாகிறார்.

இழப்பீட்டைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கமல்ஹாசன் ஒரு கோடி, ஷங்கர் ஒரு கோடி, லைக்கா இரண்டு கோடி என நான்கு கோடி ரூபாய், தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமாகிய பெப்சியின் வழியாக 2020 ஆகஸ்டில் வழங்கப்பட்டது. மாண்டவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடி, எஞ்சியது காயமுற்றோருக்கு. இது சிறுதொகையன்று, இதைக் குறை கூறுவது அழகுமன்று. இதனுடன் சட்டம் தரும் தொகையை ஒப்பிட்டு நோக்குக. அன்று நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, பணியில் இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை அவர் வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். கணக்கிற்குக் கொள்ளத்தக்க ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் ஆக்கப்பட்டது. முப்பது வயதுக்குரிய காரணி 207.98. ஆகவே அவ்வயதில் இறந்தவர் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 15,59,850 ரூபாய். பெரிய நடிகர் நடிக்கும் படத்தில் இறப்பவருக்கு ஒரு கோடி. பெயரறியாத் தயாரிப்பாளரின் படத்தில் இறப்பவருக்கு அதில் ஆறில் ஒரு பங்கும் ஏறக்குறையவே, அதுவும் அவர் அங்கு வேலை செய்தார் என்பதை மெய்ப்பிக்க ஒரு தாளேனும் இருந்தால். இரக்கம் புகழைச் சார்ந்து நிற்கும் இடத்தில் ஏழைக்கு உரிமை என்று ஒன்று இல்லை என்பதே பொருள்.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். ஆலையில் அவரைக் காத்து நின்றது சூப்பர்வைசரின் நற்குணம் அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பளுதூக்கும் பொறி ஒவ்வொன்றையும் பன்னிரண்டு திங்களுக்கு ஒருமுறையேனும் தகுதிவாய்ந்தவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றும், அது தாங்கக்கூடிய எடையை அதன்மீதே தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. ஒரகடத்து ஆலைகளில் கிரேன்களின்மேல் பெரிய எழுத்துகளில் காணப்படும் 'டன்' கணக்கு அதன் விளைவே. நாற்பது நாள் நின்று பின் கலைக்கப்படும் படப்பிடிப்பு அரங்கமோ அச்சட்டம் மனத்திற்கொண்ட தொழிற்சாலைக்குள் எளிதில் அடங்குவதில்லை. திரைத் தொழிலாளருக்கென்று 1981இல் ஒரு தனிச்சட்டம் வந்தது. எழுத்துமூலமான ஒப்பந்தமின்றி எவரையும் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது அது. ஆனால் கதைப்படங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. தொலைக்காட்சித் தொடரில் உழைத்தோர் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். உள்ளே நின்றவரிலும் கூலியாளுக்கு ஒப்பந்தத் தாள் கிடைத்தது அரிது என்பதை அத்துறையில் சில நாள் உழைத்தவர் எவரும் சொல்வர்.

2025 நவம்பர் 21 அன்று இந்நிலை ஏட்டளவில் மாறிற்று. பணிப்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அன்று நடைமுறைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 1981ஆம் ஆண்டுச் சட்டமும் அதனுள் அடங்கின. திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம், இணையவழி நிகழ்ச்சி ஆகிய அனைத்திலும் உழைப்போர், அரசு அறிவிக்கும் ஊதிய வரம்புக்குட்பட்டு, 'ஒலி-ஒளித் தொழிலாளர்' என்னும் ஒரே பெயரால் குறிக்கப்பெறுகின்றனர். முகவர் வழி வந்தவரும் இதில் சேர்வர். அதன் 66ஆம் பிரிவின்படி எழுத்துமூலமான ஒப்பந்தம் வேண்டும். அதனைத் தயாரிப்பாளரே உரிய அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஊதியம், வேலைநேரம் மட்டுமன்றிப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் அதில் இடம்பெற வேண்டும். ஆகவே சாலையின் இருபுறத்து உழைப்பாளரும் இன்று ஒரே சட்டப் புத்தகத்தில் இருக்கின்றனர். "ரெண்டு இடத்துலயும் நான் ஒரே ஆள்தானே" என்ற கேள்விக்கு நாட்டின் சட்டம் ஆம் என்று சொல்ல எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

திருமறை அதை முன்னரே சொல்லிற்று. உபாகமம் 22:8, புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்கிறது. இல்லையேல் அங்கிருந்து ஒருவன் விழும்போது இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். இக்கட்டளையில் நாம் நோக்கவேண்டியது அதன் காலம். விழுந்தபின் என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றி அது பேசவில்லை. இன்னும் எவரும் விழவில்லை. ஒருவேளை விழாமலே போகலாம். ஆயினும் சுவர் எழும்ப வேண்டும். விழப்போகிறவன் யார் என்று கேட்கப்படவில்லை. வீட்டாரோ, விருந்தினரோ, கூரையைச் செப்பனிட வந்த கூலியாளோ எவராயினும் ஒன்றே. தல்மூத் நூலில் ரபீ நாத்தான் இவ்வசனத்தை விரித்து, ஆட்டங்கண்ட ஏணியை வீட்டில் வைத்திருப்பதையும் இதன் கீழ்த் தடைசெய்கிறார். மாடியிலிருந்து ஏணிக்கு வந்தவர், ஏணியிலிருந்து கிரேனுக்கு வரத் தயங்கியிருக்கமாட்டார்.

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்து முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் வேறொரு கூறினை விளக்குகிறது. முன் முட்டியறியாத மாடு ஒருவனைக் கொன்றால் உடைமையாளன் குற்றமற்றவன். முட்டும் வழக்கமுடையது என்று அறிவிக்கப்பட்டும் கட்டிவைக்காதிருந்தால் அவனும் குற்றவாளி. எத்தனை முறை முட்டினால் மாடு 'எச்சரிக்கப்பட்டது' ஆகும் என்று மிஷ்னாவில் ரபீமார் வாதிடுகையில் மூன்று என்ற எண்ணையே சுற்றி நிற்கின்றனர். மூன்று நாளா, மூன்று முறையா என்பதே அவர்களுக்குள் வேற்றுமை. ஒரே வளாகத்தில் மூன்று முறை உயிர்ப்பலி நேர்ந்தபின், அடுத்து வருவதை 'எதிர்பாராதது' என்று அழைக்க எவருக்கும் உரிமையில்லை. நம் மொழியில் 'விபத்து' என்ற சொல்லில் செய்தவன் எவன் என்பதற்கு இடமே இல்லை. அதனாலேயே அச்சொல் நமக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது போலும். 2024இல் 'சர்தார் 2' படத்தின் சண்டைப் பயிற்சியாளர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து மாண்டார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் பாயும் காட்சியில் மற்றொருவர் மாண்டார். அவ்விரண்டும் வேறிடங்கள், மாடு ஒன்றே.

சிறுவரைப் பற்றி ஒரு சொல். நம் சபைகளில் பிள்ளையின் முகம் திரையில் வரவேண்டும் என்று விரும்பும் பெற்றோர் பெருகிவருகின்றனர். சிறுவர் உழைப்புத் தடைச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, நடிக்கும் சிறுவர் நாளொன்றுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ச்சியாக மூன்று மணிநேரத்துக்கு மேலும் வேலை செய்யலாகாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கேனும் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பாக இடப்பட வேண்டும். 1982 ஜூலை 23 அன்று அமெரிக்காவில் 'ட்விலைட் ஸோன்' படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் ஒருவரும் இரு சிறுவரும் மாண்டனர். அச்சிறுவர் உரிய அனுமதியின்றி இரவில் அமர்த்தப்பட்டிருந்தனர். இயக்குநரும் மற்றவர்களும் 1987இல் விடுதலையாயினர். அனுமதித் தாள் வெறுஞ்சடங்கு என்று நினைக்கும் தந்தையரிடம் நான் சொல்வது இந்நிகழ்ச்சியைத்தான்.

ஆயர்களாகிய நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலையிடத்தில் இறந்த இளைஞனின் அடக்க ஆராதனையில் நாம் வழக்கமாகச் சொல்வது, ஆண்டவர் தம் சித்தப்படி அழைத்துக்கொண்டார் என்பது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். துயருற்ற தாய்க்கு அது மருந்தாகும் என்று நம்பியே சொன்னேன். ஆனால் அதே ஆராதனையில், பின்வரிசையில், ஒப்பந்தக்காரரும் அமர்ந்திருந்தார் என்பது பிறகே உறைத்தது. தாய்க்கென நான் சொன்னது அவருக்கு விடுதலைப் பத்திரமாயிற்று. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறித்து ஆண்டவர் பேசுகையில் (லூக்கா 13:4), மாண்டவர் மற்றவரினும் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை மறுக்கிறார். கோபுரம் விழுந்தது பிதாவின் சித்தம் என்றும் அவர் சொல்லவில்லை. கேட்டவரையே மனந்திரும்பச் சொன்னார். விழுந்தவனை ஆராய்வதை விட்டு நிற்பவனை நோக்கித் திரும்பும் அப்பேச்சு, அடக்க ஆராதனைகளில் நாம் கற்கவேண்டிய பேச்சாகும். கடவுளின் பெயரால் கிரேனின் எடைக் கணக்கை மறைப்பது அவர் நாமத்தை வீணிலே வழங்குவதன்றி வேறன்று.

சில வாரங்களுக்கு முன் அவ்விளைஞருக்கு 66ஆம் பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை முகவரிடம் காட்டி, ஒப்பந்தத் தாள் வேண்டுமென்று கேட்டிருக்கிறார். முகவர் படித்துப் பார்த்து, தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, அன்றைய வேலைக்கு வேறொருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஒரு நாள் கூலி போயிற்று. அதற்கு நானும் பொறுப்பு. சட்டத்தைத் தனியொருவன் கையில் கொடுத்தனுப்புவது அவனை மட்டும் அடையாளங்காட்டுவதாகும் என்பதை நான் எண்ணியிருக்க வேண்டும். இப்போது அவரோடு செல்லும் ஐவரையும் சேர்த்து வைத்துப் பேசிவருகிறோம்; பெப்சியில் இணைந்த சங்கம் ஒன்றின் பொறுப்பாளரையும் அழைத்திருக்கிறோம். இதற்கிடையில் அவர் ஸ்ரீபெரும்புதூர்க் கடையொன்றில் தம் சொந்தப் பணத்தில் இடுப்புக் கச்சை ஒன்று வாங்கிக்கொண்டு மீண்டும் வேலைக்குச் சென்றார். திரும்பி வந்து சொன்னார்: "கச்சை நல்லாத்தான் இருக்கு, ஐயா. அதோட கொக்கியை மாட்டத்தான் அங்க ஒரு இடமும் இல்ல."