‘இந்தப் பத்துப் பாடம் போதும்’ என்று யாராவது சொன்னால்...

டிசம்பர் பிறந்துவிட்டால் பிளஸ் டூ பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். சுற்ற ஆரம்பித்துவிடும். ஜே.இ.இ. மெயின் இயற்பியலில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று கலர் கலராகக் கட்டம் போட்டிருப்பார்கள். இலவசமாக வந்தால் போகட்டும். அதையே ‘கிராஷ் கோர்ஸ்’ என்று பெயர் மாற்றி ஆயிரக்கணக்கில் வசூலிப்பவர்களும் இருக்கிறார்கள். தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) பாடவாரியாக மதிப்பெண் ஒதுக்கீடு எதையும் வெளியிடுவதில்லை. அது தருவது பாடத்திட்டமும், நடந்து முடிந்த வினாத்தாள்களும்தான். ‘வெயிட்டேஜ்’ என்று சுற்றுவதெல்லாம் பழைய தாள்களை வைத்து யாரோ எண்ணிய கணக்கு.

எண்ணுவதில் தப்பில்லை. அந்தக் கணக்கை நம்பிப் பாதிப் பாடத்தைக் கைகழுவுவதில்தான் ஆபத்து. பாடத்திட்டத்தில் இயற்பியலுக்கு 20 அலகுகள். தாளில் வருவது 25 கேள்விகள். சராசரியாக ஓர் அலகுக்கு ஒரு கேள்வி, சிலவற்றுக்கு இரண்டு, அவ்வளவுதான். தேர்வோ பல நாள், பல ஷிஃப்டாக நடக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனித் தாள். முதல் நாள் காலையில் மூன்று கேள்வி வந்த பாடத்திலிருந்து மறுநாள் மாலை ஒன்றுகூட வராமல் போகலாம். இன்னொரு விஷயம்: 2021 முதல் 2024 வரை எண் விடைப் பகுதியில் 10 கேள்வி கொடுத்து 5 எழுதினால் போதும் என்றிருந்தது. தெரியாத பாடத்தைத் தாண்டிப் போக அந்த சாய்ஸ் கைகொடுத்தது. 2025 முதல் அது கிடையாது. அப்பகுதியில் 5 கேள்விதான், ஐந்தையும் எழுத வேண்டும், தப்பானால் ஒரு மார்க் போகும். சாய்ஸ் இருந்த காலத்து யோசனைகளை இன்றைக்கும் சொல்லித்தருபவர்கள் உண்டு.

அப்படியானால் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க முடியுமா? முடியாது. எதை முன்னால் படிப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று தீர்மானித்தே ஆக வேண்டும். அதற்கு அளவுகோல், ஒரு பாடம் வேறு எத்தனை பாடங்களைத் தாங்கி நிற்கிறது என்பதுதான். ஒரு கணக்கைப் பாருங்கள். செங்குத்தான இரண்டு தண்டவாளக் கம்பிகளைத் தொட்டபடி, உராய்வின்றி ஒரு தண்டு கீழே வழுக்குகிறது. நிறை 50 கிராம், நீளம் அரை மீட்டர், சுற்றின் மின்தடை அரை ஓம், குறுக்கே 1 டெஸ்லா காந்தப்புலம். அதன் முற்றுத் திசைவேகம் என்ன? இது மின்காந்தத் தூண்டல் பாடத்துக் கணக்கு. ஆனால் தொடங்குவது நியூட்டனிடம்: கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காந்த விசையும் சமமாகும்போது வேகம் மாறாது. விசைக்கு மின்னோட்டம் வேண்டும். அதற்கு ஓம் விதி. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் எடை அரை நியூட்டன். அந்த விசைக்கு 1 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு அரை வோல்ட் தேவை. அந்த அரை வோல்ட்டைத் தர தண்டு வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமலே விடை வந்துவிட்டது. ‘இயக்க விதிகள் பிளஸ் ஒன் பாடம், வெயிட்டேஜ் கம்மி’ என்று விட்ட பிள்ளை இங்கே முதல் வரியிலேயே நின்றுவிடும்.

ஆகவே பிளஸ் ஒன்னில் இயக்க விதிகள், வேலை-ஆற்றல், அலைவுகள். பிளஸ் டூவில் நிலை மின்னியல், மின்னோட்டவியல். இவை தூண்கள். வெயிட்டேஜ் பட்டியல் என்ன சொன்னாலும் முதலில் இவைதான். அடுத்து, அதிகம் சார்ந்திராமல் தனியே படிக்கக்கூடியவை: கதிர் ஒளியியல், இருமைப் பண்பு, அணு மற்றும் அணுக்கரு, குறைகடத்தி, வெப்ப இயக்கவியல். நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு இவை சீக்கிரம் பலன் தரும். திண்மப் பொருளின் சுழற்சி இயக்கம் நேரம் தின்னும். தள்ளிப்போடலாம், தூக்கிப்போடக் கூடாது. பலரும் திரும்பிப் பார்க்காதது 20-வது அலகான சோதனைத் திறன்கள். வெர்னியர், திருகு அளவி, மீட்டர் சமனச் சுற்று என்று பள்ளி ஆய்வகத்தில் கையால் செய்ததுதான் அங்கே கேட்கப்படுகிறது. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி ஒப்பேற்றியவர்கள் இழப்பது இங்கே.

பழைய கைடு இன்னொரு பொறி. 2024 தேர்வுக்காக மெயின் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். தகவல் தொடர்பு அமைப்புகள், டிரான்சிஸ்டர், ஒலியில் டாப்ளர் விளைவு போன்றவை போய்விட்டன. செகண்ட் ஹேண்ட் புத்தகத்தில் அவை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் பாடத்திட்டம் வேறு; டாப்ளர் விளைவு அதில் இருக்கிறது. மெயினுக்கு வேண்டாம் என்று விட்டவர், அட்வான்ஸ்டுக்குத் தேர்வான பிறகு சில வாரங்களில் ஓடியாட வேண்டியிருக்கும். இரண்டு பாடத்திட்டத்தையும் அதிகாரபூர்வத் தளங்களில் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாலை வேலை.

மெயினுக்கு இல்லை என்பதற்காகப் பள்ளிப் பாடத்தை விடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. என்.ஐ.டி., ஐ.ஐ.டி.யில் சேர நுழைவுத்தேர்வு ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65), அல்லது அவரவர் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கோ நுழைவுத்தேர்வே இல்லை. 200-க்கான கட்-ஆஃபில் இயற்பியலுக்கு 50. மெயின் கைவிட்டாலும் இந்தக் கதவு திறந்திருக்க, புத்தகம் முழுவதையும் படித்திருக்க வேண்டும்.

இனி, காசு கட்டியவர்களின் உரிமை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கோச்சிங் சென்டர் ரேங்குக்கோ மார்க்குக்கோ உத்தரவாதம் தரக்கூடாது. 16 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கக்கூடாது. நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளில் திருப்பித்தர வேண்டும். ஆனால் இது மாநிலங்களுக்கான மாதிரி நெறிமுறை. அதை மட்டும் காட்டிப் பணம் வாங்கிவிட முடியாது. ‘டாப்பர் பேட்ச்’சுக்கு முழுப் பாடம், மற்றவர்களுக்கு ‘முக்கியப் பாடம்’ என்று பிரிக்கும் வழக்கத்துக்கும் பதில் இருக்கிறது: மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

உறுதியான வழி நுகர்வோர் சட்டம். கோச்சிங் சென்டர் கல்வி நிறுவனம் அல்ல, கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் கூறிவிட்டது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்டரின் தலைமை அலுவலகம் ராஜஸ்தானில் இருந்தாலும் விழுப்புரத்துக்காரர் அங்கே அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ரசீது, விளம்பர நோட்டீஸ், ‘இந்தப் பாடம் மட்டும் வரும்’ என்று அனுப்பிய மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம்.

கட்டணமே இல்லாமல் படிக்கவும் வழி உண்டு: ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் ஐ.ஐ.டி.-பால் காணொளிகள், ஐ.ஐ.டி. கான்பூர் உருவாக்கிய சாத்தி தளம், என்.டி.ஏ. தளத்தில் பழைய தாள்கள்.

தேர்வு முடிந்த பிறகும் ஓர் உரிமை இருக்கிறது. தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் உங்கள் விடைத்தாளோடு ஒப்பிட்டு, தவறெனத் தோன்றும் விடையை எதிர்த்து முறையிடலாம். கேள்விக்கு 200 ரூபாய், திரும்பக் கிடைக்காது. 2025 ஜனவரி அமர்வில் இறுதி விடைக்குறிப்பில் 12 கேள்விகள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட கேள்விக்கு அந்த ஷிஃப்டில் எழுதிய எல்லோருக்கும் 4 மார்க். தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மொழிபெயர்ப்பில் முரண் இருந்தால் ஆங்கில வாசகமே செல்லும். எனவே சந்தேகம் வந்தால் திரையில் ஆங்கிலத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முறையிடும் அவகாசம் சில நாள்தான். அந்த வாரம் ஊருக்குப் போகிற திட்டம் இருந்தால் தள்ளிவைக்கலாம்.