நீண்ட தலை நோய்தானா?
கொற்கைக்கு மேற்கே, ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் எடுத்த மண்டையோடுகளில் சிலவற்றை, பின்னால் ஆய்ந்தவர்கள் நீள்தலை என்று குறித்தார்கள். கைக்குழந்தையின் உச்சிப் பொருத்து முன்கூட்டியே ஒட்டிக்கொண்டாலும் தலை இப்படி நீளும். வளரும் மூளை பக்கவாட்டில் இடமின்றி முன்னும் பின்னும் தள்ளும். அதற்காக இவற்றை நோய் என்றுவிட முடியாது. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் குறை, ஒரே இடுகாட்டில் பலருக்கு வந்திருக்குமா? உச்சியில் ரம்பப்பல் போல ஓடும் பொருத்துக் கோட்டைப் பாருங்கள்: அது தெளிவாக இருந்தால் நீளம் இயல்பே. மறைந்திருந்தால் நோய்தானே என்பீர்கள். ஆனால் முதுமையிலும் கோடு மறையும். பல் இளமை காட்ட, கோடு மறைந்து, அந்த இடத்தில் எலும்பு மேடு தட்டினால்தான் சந்தேகம் வலுக்கும். இன்று உச்சிப் பொருத்து இப்படி ஒட்டிய குழந்தைக்குப் பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் அறுவை செய்து, ஒட்டிய எலும்பை அகற்றுகிறார்கள். மூன்று நான்கு மாதத்திலேயே கண்டால் சிறு கீறலும், பிறகு சில மாதத் தலைக்கவசமும் போதுமானதாகலாம்.