சிமென்ட் கல்லுக்குள் ஒளிந்திருக்கும் மைக்ராஸ்கோப் ரகசியம்!

அரியலூர் என்றதும் சிமென்ட்தான் நினைவுக்கு வரும். அந்தச் சிமென்ட்டுக்கு மூலப்பொருளான சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் முக்கியமான கனிமம் கால்சைட். இதே கால்சைட்தான் ஒருகாலத்தில் மைக்ராஸ்கோப்புக்குப் புதுக் கண் கொடுத்தது. ஆச்சர்யமாக இருக்கிறதா?

தெளிவான கால்சைட் படிகத்தை ஓர் எழுத்தின் மேல் வைத்தால், அந்த எழுத்து இரண்டாகத் தெரியும். உள்ளே போகும் ஒளியைப் படிகம் இரண்டு கதிர்களாகப் பிரிப்பதுதான் காரணம். இந்த இரண்டும் வெவ்வேறு திசையில் அதிரும் ஒளி.

1828-ல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நிகோல் ஒரு வேலை செய்தார். படிகத்தைக் குறுக்காக வெட்டி, கனடா பால்சம் என்ற மரப்பிசினால் மீண்டும் ஒட்டினார். ஒரு கதிர் பக்கவாட்டில் விலகிப் போக, இன்னொன்று மட்டும் நேராக வெளியே வந்தது. ஒரே திசையில் அதிரும் ஒளி! அதுதான் நிகோல் பிரிசம்.

கல்லுக்குள் வண்ணம்

மைக்ராஸ்கோப்பில் இப்படி இரண்டு பிரிசங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் இருட்டுதான் தெரியும். நடுவே 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்த கல் சீவலை வையுங்கள். கனிமங்கள் வண்ண வண்ணமாக மின்னும்! எந்த வண்ணம் என்பது கனிமத்தை அடையாளம் காண உதவும். கல்லாக மாறிய மரங்களையும் மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தவர் நிகோல். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறதே, அந்த மாதிரி மரங்கள்தான்.

கடலில் ராமன்

திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், 1921-ல் கப்பலில் போனபோது கையில் ஒரு நிகோல் பிரிசம் வைத்திருந்தார். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று அப்போது நம்பினார்கள். பிரிசத்தால் அந்தப் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று புரிந்துகொண்டார். அந்தத் தேடல்தான் 1930-ல் நோபல் பரிசு வரை போனது.

இன்று விலை குறைந்த போலராய்டு தாள்கள் வந்துவிட்டன. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கால்குலேட்டரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எண்கள் தெரியும் இடமே கறுத்துப்போகும். நிகோலின் அதே வித்தை!

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர் பகுதியில் கடல் இருந்தது. அந்தக் கடலின் கிளிஞ்சல்களும் நத்தைகளும் இந்தக் கற்களுக்குள் இருக்கின்றன. அரைத்துவிட்டால் அது வெறும் மாவு. ஒரு சீவலாவது மைக்ராஸ்கோப்புக்குப் போனால், அதுவே வரலாறு. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்!