மோட்டார் வண்டியின் திரவங்களும் அவற்றின் பராமரிப்பும்

மோட்டார் கார் இரும்பாலும் ரப்பராலும் ஆனதாகத் தோன்றினும், அது ஓடுவதும் நிற்பதும் அதனுள் நிறைந்துள்ள சில திரவங்களைப் பொறுத்தவையே. எஞ்சினின் உராய்வைக் குறைப்பது எண்ணெய். அதன் வெப்பத்தை வெளியேற்றுவது ரேடியேட்டரில் சுழலும் நீர். ஓட்டுநரின் கால் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது பிரேக் திரவம். இவற்றின் அளவு குறைந்தால் ஊற்றி நிரப்புவது எல்லோரும் செய்வதே. ஆயினும் நிரப்புவது பாதி வேலை. ஏன் குறைந்தது என்று காண்பதே மறுபாதி. இந்த மறுபாதியைக் கைவிடுவதனாலேயே பல விபத்துகளும் பெருஞ்செலவுகளும் நேருகின்றன.

இதனை விளக்குவதற்குக் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் தக்கதோர் இடமாகும். இங்குள்ள தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. எனினும் நகரம் வாழ்கிறது. அதன் சாலைகளில் வண்டிகளும் ஓடுகின்றன. அவ்வண்டிகள் மூன்று சோதனைகளுக்கு உட்படுகின்றன. முதலாவது, சுரங்கங்களிலிருந்து கொண்டுவந்து அரைத்துக் கொட்டப்பட்ட கழிவு மண்மேடுகளிலிருந்து காற்றில் பறக்கும் நுண்தூசி. இரண்டாவது, இம்மாவட்டத்தின் ஆழ்குழாய்க் கிணறுகளில் கிடைக்கும் உப்பு மிகுந்த கடின நீர். மூன்றாவது, மேட்டுநிலத்திலிருந்து வேங்கடகிரிக்கோட்டை, பேர்ணாம்பட்டு வழியாகத் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்கும் மலைச்சாலை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திரவத்தைச் சோதிக்கிறது.

எஞ்சின் எண்ணெய்

எஞ்சினுள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து இயங்கும் உலோகப் பரப்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று, அவை நேரே உராயாமல் காப்பது எண்ணெயின் முதல் தொழில். வெப்பத்தைக் கடத்துவதும், கரித்துகளைத் தன்னுள் ஏந்திக்கொள்வதும் அதன் ஏனைய தொழில்கள். ஆதலால் எண்ணெய் கறுத்துப்போனது என்பதனாலேயே அது கெட்டுவிட்டது என்று கொள்ளலாகாது. அதை மாற்ற வேண்டிய காலத்தைத் தயாரிப்பாளரின் கையேடு வரையறுக்கிறது.

அளவைப் பரிசோதிக்க வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பின்னர் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்தால், எண்ணெய் இரு குறிகளுக்கிடையே நிற்க வேண்டும். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உராய்வைத் தடுக்காது.

கம்பியைத் துடைக்கும் துணி தூய்மையாக இருத்தல் அவசியம். தங்கவயலின் மண்மேடுகள் பெரும்பாலும் பொடியாக அரைக்கப்பட்ட கடினப் பாறையாலானவை. அத்துகள் உலோகத்தை அறுக்கும் தன்மையது. காற்று வடிகட்டி அடைபட்டோ கிழிந்தோ இருப்பின், அத்துகள் எஞ்சினுக்குள் புகுந்து எண்ணெயோடு கலந்து உட்பரப்புகளைத் தேய்க்கும். தேய்ந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். ஆகவே எண்ணெய் வழக்கத்திற்கு மேல் குறையுமாயின், வண்டியின் அடியில் கசிவையும், புகைக்குழாயில் நீலப்புகையையும், காற்று வடிகட்டியையும் ஒருங்கே பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் அதில் நீர் கலந்திருக்கக்கூடும். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டலாகாது. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தாலும் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

குளிர்விக்கும் நீர்

தங்கவயல் கடல் மட்டத்திற்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்கும். ஆயினும் ரேடியேட்டர் நீர் எளிதில் கொதிப்பதில்லை. வீட்டுப் பிரஷர் குக்கரைப் போலவே, இறுகிய மூடி உள்ளே அழுத்தத்தை உயர்த்திக் கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதனோடு, கூலண்ட் என வழங்கும் எதிலீன் கிளைக்கால் கலவையும் கொதிநிலையை உயர்த்துகிறது. அதில் சேர்க்கப்பட்டுள்ள பொருள்கள் துருவையும் தடுக்கின்றன.

எஞ்சின் சூடாக இருக்கும்போது அம்மூடியைத் திறத்தல் பேராபத்து. அழுத்தம் நீங்கிய மறுகணமே நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச் செய்யும். நன்றாக ஆறும்வரை காத்திருப்பதே முறை.

ஆழ்குழாய்க் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது கிராமப்புறங்களில் காணப்படும் வழக்கம். சமையற்பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு போன்றதே எஞ்சினின் குறுகிய நீர்வழிகளிலும் படியும். படிவு வெப்பத்தைக் கடத்தாது. எஞ்சின் சிறிது சிறிதாக அதிகம் சூடேறும். எனவே உப்பு நீக்கிய நீரில் கலந்த கூலண்டையே பயன்படுத்த வேண்டும். அவசரத்தில் வேறு நீர் ஊற்றினால், வாய்ப்புக் கிடைத்ததும் அதை வடித்து மாற்றுதல் நலம்.

இது மூடிய அமைப்பு. இதில் நீர் செலவாவதில்லை. வாரந்தோறும் நீர் குறைகிறதென்றால் குழாயிலோ, பம்பிலோ, மூடியிலோ, எஞ்சினுக்குள்ளேயோ கசிவு உண்டு என்பதே பொருள். கூலண்ட் நஞ்சு, ஆனால் இனிப்புச் சுவை உடையது. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகும் இடத்தில் அதை வைத்தலும் கொட்டுதலும் ஆகாது.

பிரேக் திரவம்

மூடிய திரவத்தின் ஓரிடத்தில் செலுத்திய அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. 1964-இல் நிறுவப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தங்கவயல் தொழிற்சாலையில் உருவாகும் புல்டோசர்கள் தம் தகட்டை உயர்த்தித் தாழ்த்துவதும், கார் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதும் இவ்விதியினாலேயே.

கடைவழக்கில் இதைப் ‘பிரேக் ஆயில்’ என்பர். பெரும்பாலான கார்களில் இருப்பதோ எண்ணெய் அன்று, கிளைக்கால் வகைத் திரவம். எஞ்சின் எண்ணெயைத் தவறி ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் ஊதிப்போய்ப் பிரேக் செயலிழக்கும். கையேட்டில் குறித்த வகையையே, முத்திரை பிரிக்காத குப்பியிலிருந்து ஊற்ற வேண்டும்.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குரிய குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் 155 டிகிரியே. மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக்கை மிதித்து இறங்கும்போது பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். மிதி தரைவரை இறங்கினும் வண்டி நிற்காது. வண்டி ஆறியபின் மிதி முன்போலவே இறுகிவிடுவதால், மறுநாள் பட்டறையில் குறை ஒன்றும் தென்படாமலும் போகலாம். அளவு சரியாக இருப்பதனால் மட்டும் திரவம் நல்லதாகாது என்பதற்கு இதுவே சான்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை இதை மாற்றுதல் பொதுவான முறை. இறக்கத்தில் கீழ்க் கியரில் இறங்குதலும் இன்றியமையாதது.

பிரேக் கட்டைகள் தேயத்தேயத் திரவ அளவு மெல்லத் தாழும். ஆகவே அளவு தாழ்ந்தால் முதலில் கட்டைகளைப் பார்க்க வேண்டும். திடீரெனத் தாழ்ந்தால் அது கசிவு. வண்டியை எடுத்தல் கூடாது.

ஏனைய திரவங்கள்

கியர் எண்ணெயையும், திரவ விசையால் இயங்கும் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் அதற்குரிய திரவத்தையும் கையேட்டின்படி பரிசோதிக்க வேண்டும். மூடி திறக்கும் வகைப் பாட்டரியில் நீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றத் தக்கது. கண்ணாடி கழுவும் நீர் ஒன்றே, குறைந்தால் காரணம் தேடாமல் நிரப்பக்கூடியது.

பதிவேடும் வகுப்பறையும்

அலுவலக வண்டிகளைப் பொறுப்பில் வைத்துள்ள களப்பணியாளர், திங்கட்கிழமை தோறும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது எண்ணெய், கூலண்ட், பிரேக் திரவம் ஆகிய மூன்றின் அளவையும், ஓடிய கிலோமீட்டரையும், ஊற்றிய அளவையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். ஒரு நாளைய அளவு அதிகம் சொல்வதில்லை. நான்கு வாரக் குறிப்புகள் கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

ஆசிரியர்கள் ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகளை மெல்லிய குழாயால் இணைத்து, நீர் நிரப்பிப் பாஸ்கல் விதியை வகுப்பில் காட்டலாம். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். பின்னர் குழாயில் சிறிது காற்றைப் புகவிட்டு, இரண்டாவதை விரலால் தடுத்துக்கொண்டு முதலாவதை அழுத்தினால், அழுத்திய தூரத்தில் ஒரு பகுதி காற்றை அமுக்குவதிலேயே வீணாவதை மாணவர் தம் கையால் உணர்வர். மலைச்சாலையில் பிரேக் ஏன் கைவிடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.